பந்தியில் இலை இல்லாதபோது

கீழக்குயில்குடியில் சமணர் மலை அடிவாரத்திலே, அய்யனார் கோயிலருகே தாமரைக் குளத்தை அடுத்த ஆலமரத்து நிழலில், மதுரைக்குத் திரும்பும் பேருந்து எப்போது என்று அறியும்பொருட்டுக் கைப்பேசியில் ஒரு செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தபோது, திரையில் தலைப்பு மட்டும் தோன்றி, அதன் கீழே வெறும் வெள்ளைப் பரப்பே விரிந்து கிடந்தது. வண்டியே இல்லையா, விவரம்தான் இன்னும் வந்து சேரவில்லையா என்ற சந்தேகத்திலேயே கால் மணி நேரம் கழிந்தது. பக்கத்தில் ஆடு மடக்கிக்கொண்டிருந்த அம்மாளைக் கேட்டேன். "வண்டி போயிருச்சு தம்பி, இனிமே அஞ்சரைக்குத்தேன்" என்றார்.

செயலியை எழுதியவர் தவறாக எதையும் எழுதிவிடவில்லை. எழுத வேண்டிய ஒன்றை எழுதாமல் விட்டார், அவ்வளவே. வண்டி நேரங்களைத் திரையில் அடுக்குவது போல, ஒரு பட்டியலிலுள்ளவற்றை ஒவ்வொன்றாக எடுத்து ஒரே காரியத்தைச் செய்யும் கட்டளைக்கு லூப் என்று பெயர். முத்தையா அண்ணாமலை உருவாக்கி, 2009இல் ஒரு கட்டுரை வாயிலாக அறிமுகம் செய்த 'எழில்' என்னும் தமிழ் நிரல்மொழியில் இதற்கு 'ஒவ்வொன்றாக' என்றே ஒரு சொல் உண்டு. பந்தியில் சாதக்கூடையோடு இலை இலையாக நகரும் பரிசாரகனைப் போன்றது லூப். இலையே போடப்படாத பந்தி என்றால், அவன் ஒரு பருக்கையும் சிந்தாமல், ஒரு வார்த்தையும் பேசாமல், சமையற்கட்டுக்குத் திரும்பிவிடுகிறான்.

இந்த மௌனங்கூட யந்திரங்களுக்கு ஆதியிலேயே வாய்த்துவிட்ட குணமன்று. 1957இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட ஃபோர்ட்ரான் மொழியில், அதற்குப் பின் நெடுங்காலம் வரையிலும், நிரலை யந்திரமொழிக்குப் பெயர்க்கும் கம்பைலர்கள் பலவும் காரியத்தை ஒரு முறை செய்து முடித்த பிறகே எண்ணிக்கையைச் சோதித்தபடியால், பூஜ்யம் முறை செய்ய வேண்டிய வேலையும் ஒரு முறை நடந்தேறியது. அதாவது, முதல் கரண்டிச் சோறு தரையில் விழுந்த பிறகே பரிசாரகன் இலையைத் தேடினான். ஃபோர்ட்ரான் 77 என்ற தரம்தான், எத்தனை சுற்று என்பதை முதலில் கணக்கிட்டு, பூஜ்யமானால் உள்ளே நுழையாதே என்று விதித்தது.

சூன்யத்தின் விசித்திரங்கள் அத்தோடு ஓயவில்லை. காலிப் பட்டியலின் கூட்டுத்தொகை பூஜ்யம் என்பதை யாரும் ஒப்புவர். சராசரி கேட்டால் பூஜ்யத்தால் வகுக்க நேர்ந்து பல மொழிகளில் நிரலே நின்றுபோகும். 'இன்று வந்த வண்டிகள் எல்லாம் நேரத்துக்கு வந்தனவா?' என்று பைத்தான் என்னும் நிரல்மொழியிடம் கேட்டால், ஒரு வண்டியும் வராத நாளில் அது 'ஆம்' என்றே விடை பகரும். தர்க்க சாஸ்திரப்படி அதில் பிழையில்லை. ஆலமரத்தடியில் காத்திருப்பவனுக்கு அந்தச் சாஸ்திரம் எதற்கு?

பைத்தான் லூப்பின் முடிவில் 'எல்ஸ்' என்றொரு பகுதியைச் சேர்க்கலாம். பட்டியல் காலியானால் மட்டும் நடப்பது அது என்று பலரும் நம்பி ஏமாறுகிறார்கள். உண்மையில், 'பிரேக்' கட்டளையால் இடையில் முறிக்கப்படாமல் லூப் முடியும்போதெல்லாம் அது நடக்கும். நூறு இலைக்கும் பரிமாறிவிட்டு வந்தாலும் நடக்கும். அந்த இடத்துக்கு அந்தச் சொல்லைத் தேர்ந்தது விவேகமான காரியமாக எனக்குத் தோன்றவில்லை. திரையில் மனிதர் படிப்பதற்கென்றே பக்கங்களை வார்க்கும் கருவிகள் இவ்விஷயத்தில் தெளிவானவை: ஜாங்கோவில் லூப்புக்குள்ளேயே 'எம்ப்டி' என்ற பகுதி உண்டு, லாரவெலில் 'ஃபார்எல்ஸ்' உண்டு. காலியானால் என்ன சொல்வது என்பதை அங்கே ஒரு வரியில் எழுதிவிடலாம். இவ்வசதி இல்லாத மொழிகளில், லூப்புக்கு முன்பே 'எத்தனை இருக்கின்றன?' என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்வதுதான் வழக்கம்.

ஆனால் அந்த ஒரு வரியையும் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடலாகாது. சர்வர் பதில் தராத வேளையில், பிழையை மறைத்துக் காலிப் பட்டியலை நீட்டிவிடும் நிரல்கள் ஏராளம்; லூப்புக்கு வண்டி இல்லாததும் பதில் வராததும் ஒன்றே. 'இன்று வண்டி இல்லை' என்று திரை அப்போது சாதிக்குமானால், அதை நம்பிய பிரயாணி நாகமலைப் புதுக்கோட்டையை நோக்கி வெயிலில் நடக்கத் தொடங்கியிருப்பார். அவர் முதுகுக்குப் பின்னே அஞ்சரை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு வரும்.