காட்டுக் கணக்கு நம் கைக்கு வர

வரப்பில் நிற்கிற நாலு தேக்கை விற்கலாம் என்று அம்பாசமுத்திரம் பக்கத்து விவசாயி ஒருவர் சொல்லி அனுப்பினால், வருகிற வியாபாரி விலையை முதலில் பேசுவதில்லை. “பாஸ் எடுக்கணும்லா, அதுக்கு ரெண்டு மூணு ஆபீஸ் ஏறி இறங்கணும், அந்தச் செலவெல்லாம் யாரு பார்க்கது?” என்றுதான் ஆரம்பிப்பார். அந்தச் செலவு எவ்வளவு, சீட்டை யார் கொடுக்க வேண்டும், தேக்கோடு சேர்த்து விற்கிற மற்ற மரத்துக்கும் அது தேவையா என்று விவசாயிக்குத் தெரியாது. தெரியாத ஒவ்வொன்றுக்கும் மரத்தின் விலையில் ஒரு கழிவு விழும்.

எந்த மரத்தைக் கொண்டுபோக அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது 1968-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகளில் இருக்கிறது. அந்த விதிகளுக்கு அடிப்படை 1882-ஆம் ஆண்டு வனச் சட்டம். இரண்டும் ரகசியமில்லை. சட்டங்களை ‘இந்தியா கோடு’ என்ற அரசுத் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம். சீட்டு வேண்டாத மரங்களின் விலக்குப் பட்டியலில் சேர்ப்பதும் நீக்குவதும் அரசிதழில் வரும். மரத்தை லாரியில் ஏற்றுவதற்கு முன் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்கினால், பேரத்தில் யார் கை ஓங்கும் என்பது மாறிவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. இணையத்தில் தேடுகிறவர் கையில் எளிதாகச் சிக்குவது 1927-ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டம். தமிழ்நாட்டுக்கு அது பொருந்தாது. நமக்குத் தனிச் சட்டம். தனியார் நிலத்து மூங்கில் இனி ‘மரம்’ இல்லை என்று 2017-இல் நாடாளுமன்றம் திருத்தியது அந்த 1927 சட்டத்தைத்தான். அந்தச் செய்தியை மட்டும் நம்பி மூங்கிலை வெட்டி ஏற்றுகிறவர் செக்போஸ்ட்டில் என்ன சொல்வார்? நம் மாநில விதி மூங்கிலை எப்படிப் பார்க்கிறது என்று தனியாகப் பார்த்தாக வேண்டும். ஈட்டி மரத்தின் கதை இன்னொரு விதம். அதைக் காக்க வந்த மாநிலச் சட்டம் 15 ஆண்டு ஆயுளோடு பிறந்து, பிறகு நீட்டிக்கப்பட்டது. இப்படிக் காலக்கெடு உள்ள சட்டத்தின் பழைய பிடிஎப் நகலை வைத்துக்கொண்டு வாதாட முடியாது. சந்தனத்தைப் பட்டா நிலத்தில் வளர்க்க இன்று உரிமை உண்டு. தானே வெட்டி வெளியாளுக்கு விற்கத்தான் உரிமை இல்லை, வனத்துறை வழியாகவே போக வேண்டும். புளியரை தாண்டிக் கேரளத்துக்கு மரம் அனுப்புகிறவர்கள், 2023 டிசம்பர் 29 அன்று நாடு முழுவதற்கும் தொடங்கப்பட்ட தேசிய டிரான்ஸிட் பாஸ் இணையத்தளத்தையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

சட்டத்தை விட்டு மரத்துக்கு வருவோம். நம் மலையில் வளரும் மரங்களைப் பற்றி அரசு எழுதிக் குவித்தது கொஞ்சமில்லை. சென்னை மாகாண வனத்துறையின் தலைவராக இருந்த பெட்டோம், தென்னிந்தியக் காட்டு மரங்களைப் படத்தோடு விவரிக்கும் பெருநூலை 1869 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டார். கேம்பிளின் இந்திய மரக் கையேடு 1881-இல் வந்து, 1902-இல் திருத்தப் பதிப்பு கண்டது. பொதிகைக்கு மேற்கே திருவிதாங்கூரின் வன அதிகாரி போர்டில்லன் 1908-இல் எழுதிய நூலில் பாதி மரங்கள் நமக்கும் சொந்தம். மலை முகட்டில் போட்ட எல்லைக்கோடு மரத்துக்குத் தெரியாது. 1917-இல் பேட் தொகுத்த திருநெல்வேலி கெசட்டியரில் நம் காடுகளுக்கே ஒரு பகுதி உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் உழைப்பில் பியர்சனும் பிரவுனும் 1932-இல் கொண்டுவந்த இந்திய வணிக மரங்கள் பற்றிய இரண்டு தொகுதிகளுக்கு இன்றும் மதிப்பு குறையவில்லை. மரத்தின் எடை, வலு, இழை, எந்த வேலைக்கு ஆகும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது.

இவை யாருடைய சொத்து? 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 28-ஆம் பிரிவில் சொல்கிறது: அரசு வெளியீட்டுக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். அதன் பிறகு யாரும் நகலெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கலாம். 1932 நூலின் உரிமை எப்போதோ தீர்ந்துபோனது. பெட்டோமும் கேம்பிளும் இன்டர்நெட் ஆர்கைவ், பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி போன்ற இலவசத் தளங்களில் முழுசாகக் கிடைக்கிறார்கள். இதே நூல்களை மறுபதிப்பு என்று ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்கிறவர்களும் உண்டு. சட்டப்படி அதில் தப்பில்லை. ஒரு கல்லூரி மாணவர் அந்தப் பணத்தைக் கொடுக்கத் தேவையுமில்லை.

அமெரிக்காவில் இந்த 60 ஆண்டுக் காத்திருப்பே கிடையாது. மத்திய அரசு ஊழியர் பணியில் எழுதியது அங்கே பிறக்கும்போதே பொதுச்சொத்து. மேடிசன் நகரத்து வனப்பொருள் ஆய்வகத்தின் மரக் கையேடு 1935-இல் முதலில் வந்தது; இன்று புதிய பதிப்பு வரும்போதெல்லாம் உலகத்தில் யாரும் இறக்கிக்கொள்ளும்படி இணையத்தில் வைக்கப்படுகிறது. கல்லிடைக்குறிச்சித் தச்சர் ஒருவர் அமெரிக்க ஓக் மரம் ஈரத்தில் எவ்வளவு உப்பும் என்று இலவசமாகப் படிக்கலாம். பொதிகை வேங்கையைப் பற்றி நம் அரசு 1970-களில் வெளியிட்டதை அதே உரிமையோடு நகலெடுக்க அவர் இன்னும் காத்திருக்க வேண்டும். இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

தரநிலைகளில் நிலைமை மாறியிருக்கிறது. மரங்களின் வணிகப் பெயருக்கு ஐஎஸ் 1150, வகைப்பாட்டுக்கு 399, உலர்த்துவதற்கு 1141, கெடாமல் காப்பதற்கு 401 என்று இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரிசையாக வகுத்திருக்கிறது. ஒரு காலத்தில் ஒவ்வொன்றையும் விலைக்குத்தான் வாங்க முடியும். அமெரிக்கரான கார்ல் மலமூட் அவற்றை வாங்கி இணையத்தில் பொதுவில் வைத்தார், அமைவனம் எதிர்த்தது, 2015-இல் விவகாரம் பொதுநல வழக்காக டெல்லி உயர் நீதிமன்றம் ஏறியது. இன்று அமைவனத்தின் தளத்தில் பெயரைப் பதிந்துகொண்டால் இந்தியத் தரநிலைகளைக் கட்டணமின்றி இறக்கிக்கொள்ளலாம்.

இறக்குவதற்கு முன் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கரையானுக்குப் பயப்படாத வீடு நம் பக்கம் இல்லை. கரையான் தடுப்புக்கான ஐஎஸ் 6313-இன் பழைய பதிப்பு ஆல்டிரின், ஹெப்டாகுளோர், குளோர்டேன் ஆகியவற்றைப் பரிந்துரைத்தது. மூன்றுமே இந்தியாவில் தடை செய்யப்பட்டவை; மண்ணிலும் உடம்புக் கொழுப்பிலும் பல ஆண்டு தங்குபவை. பழைய மரக் கையேடுகளில் ஆர்சனிக் கலந்த மருந்துக் கலவையும் சகஜமாக வரும். அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அந்தக் கலவையை 2003 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். மரம் எப்படிப்பட்டது என்று அறியப் பழைய நூல் போதும். அதற்கு மருந்து அடிக்கவும், அதைச் சட்டப்படி வெட்டவும் இன்றைய தாள்தான் வேண்டும்.

அம்பாசமுத்திரம் சொப்புச் சாமான் செய்கிறவர்களுக்கு இதில் தனிச் செய்தி ஒன்று. பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2021 ஜனவரி 1-இல் நடைமுறைக்கு வந்தது. கைவினைப் பொருள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர் தாமே செய்து விற்கும் பொம்மைக்கு அதில் விலக்கு இருக்கிறது. கைவினைஞர் அட்டையைப் புதுப்பிக்காமல் பெட்டியில் போட்டு வைத்திருப்பவர்கள் அதை எடுத்துப் பார்ப்பது நல்லது. விலக்கு ஆணையின் நகல் ஒன்றும் கடையில் இருக்கட்டும். பெரிய வியாபாரி “முத்திரை இல்லாம சரக்கு எடுக்க முடியாது” என்று சொன்னால் நீட்டுவதற்கு அதுதான் பதில்.

வாங்குகிறவர் பக்கமும் ஏமாற்று நடக்கிறது. பர்மாத் தேக்கு என்று விலை வாங்கிக்கொண்டு ஆப்பிரிக்கத் தேக்கைக் கொடுப்பது, வேங்கை என்று சொல்லி நிறம் ஏற்றிய மட்ட மரத்தைத் தள்ளுவது எல்லாம் நிலைக்கதவு வாங்கப் போனவர்கள் அறிந்த கதை. ‘மரச் சாமான்’ என்று மட்டும் எழுதிய பில்லை வாங்காதீர்கள். மரத்தின் பெயர், அது எந்த நாட்டுச் சரக்கு, கனஅடிக் கணக்கு மூன்றும் பில்லில் வர வேண்டும். பிளைவுட் என்றால் பலகையில் ஐஎஸ் 303 அல்லது 710 என்ற எண்ணோடு உரிம எண்ணும் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைத் தட்டினால் உரிமம் யாருடையது, உயிரோடு இருக்கிறதா என்று தெரியும். சந்தேகம் முற்றினால் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரு மர அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமும் கட்டணம் வாங்கிக்கொண்டு மரத்துண்டைச் சோதித்து இனம் சொல்கின்றன. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. 1915 என்ற உதவி எண்ணில் முதல் ஆலோசனை கிடைக்கும்.

இதுவரை சொன்னதில் போவது பணம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிற காணிப் பழங்குடிக் குடியிருப்புகளில் தாள் இல்லாவிட்டால் நிலமே போகும். அகஸ்தியர் காணிக் குடியிருப்பு, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகிய இடங்களில் வாழ்கிற காணி மக்களுக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், 2005 டிசம்பர் 13-க்கு முன்பே அனுபவித்து வந்த நிலத்துக்கும் தேன், கிழங்கு போன்ற சிறு வனப்பொருளுக்கும் உரிமை கோர வழி செய்கிறது. வெட்டு மரம் அதில் சேராது. தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் 2016 வரை பட்டா கொடுப்பதே முடங்கிக் கிடந்தது. ஆகவே இங்கே பலருக்கு இது இன்னும் புதிய சட்டம்தான்.

கோருகிறவர் ஒன்றுக்கு மேற்பட்ட சான்று காட்ட வேண்டும். சான்று எவை என்று அந்தச் சட்டத்தின் விதிகளில் 13-ஆம் விதி பட்டியலிடுகிறது: கெசட்டியர், மக்கள்தொகைக் கணக்கு, நில அளவை ஆவணம், வரைபடம், வனத்துறையின் ஒர்க்கிங் பிளான் (செயல்திட்டம்), நிர்வாகத் திட்டம், வன விசாரணை அறிக்கை. ஊர்ப் பெரியவர்களின் எழுத்து மூலமான வாக்குமூலமும் சான்றுதான். ‘செயற்கைக்கோள் படத்தில் உன் வீடு தெரியவில்லை’ என்று சொல்லி மட்டும் கோரிக்கையைத் தள்ள முடியாது. அந்தப் படம் மற்றச் சான்றுக்குத் துணையே, மாற்று இல்லை என்கிறது விதி. 1917 கெசட்டியரும் பழைய ஒர்க்கிங் பிளானும் நூலக அலமாரிச் சரக்கு என்று நினைத்தோம். இங்கே அவை ஒரு குடும்பத்தின் குடியிருப்புச் சான்று.

இந்தத் தாள்களைக் காணி மக்கள் அலைந்து தேட வேண்டியதுமில்லை. கிராம சபையோ வன உரிமைக் குழுவோ எழுதிக் கேட்டால், சான்றொப்பமிட்ட நகலைச் சம்பந்தப்பட்ட அதிகாரிகள் கொடுக்க வேண்டும், தேவையானால் ஓர் அலுவலரை வைத்து விளக்கவும் வேண்டும் என்று அதே விதிகளின் 12-ஆம் விதி சொல்கிறது. தனி ஆள் பெயரில் கேட்காமல் குழுவின் தீர்மானமாகக் கேளுங்கள். கோரிக்கை நிராகரிக்கப்பட்டால் 60 நாளுக்குள் கோட்ட அளவிலான குழுவிடமும், அங்கும் தோற்றால் இன்னொரு 60 நாளுக்குள் மாவட்ட அளவிலான குழுவிடமும் முறையிடலாம்.

மாஞ்சோலைத் தேயிலைத் தோட்ட விவகாரத்தைப் பார்த்தவர்களுக்குத் தாளின் கனம் தெரியும். சிங்கம்பட்டி ஜமீன் 1929-இல் எழுதிக்கொடுத்த 99 ஆண்டுக் குத்தகை, ஜமீன் ஒழிப்பு, பிறகு வந்த காப்புக்காடு அறிவிப்பு என்று தலைமுறைகள் கடந்த தாள்களைச் சுற்றித்தான் தொழிலாளர்களின் வாழ்க்கை பேசப்பட்டது. குத்தகை 2028-இல் முடிகிறது என்ற ஒரு வரியை அந்தக் குடும்பங்கள் முன்கூட்டியே, தங்கள் மொழியில் படித்திருக்க வேண்டும்.

சரி, தளத்தில் இல்லாத தாளை எப்படி வாங்குவது? தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-இன் 4-ஆம் பிரிவு, யாரும் கேட்காமலே அரசு அலுவலகங்கள் தம் விவரங்களை வெளியிட வேண்டும் என்கிறது. அப்படி வெளியிடும்போது அந்தப் பகுதியின் மொழியைக் கருத்தில் கொள்ள வேண்டும் என்பதும் அங்கேயே இருக்கிறது. அதற்காக, இல்லாத மொழிபெயர்ப்பைச் செய்து தரச் சொல்லி மனுப் போட முடியாது. அலுவலகத்தில் இருப்பதைத்தான் கேட்கலாம். மனுவைத் தமிழிலேயே எழுதலாம். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், பக்கத்துக்கு 2 ரூபாய். மாநில அரசின் ஆர்டிஐ இணையத்தளம் வழியாகவும் அனுப்பலாம்.

கேட்பதில்தான் சூட்சுமம். “காடு பற்றிய எல்லா விவரமும் தருக” என்றால் ஒன்றும் வராது. “திருநெல்வேலி வனக் கோட்டத்தில் இப்போது நடைமுறையில் உள்ள ஒர்க்கிங் பிளானின் பொருளடக்கமும், எங்கள் கிராமம் இடம்பெறும் அத்தியாயமும், அது மின்வடிவில் இருந்தால் குறுந்தகட்டில்” என்று கேளுங்கள். பக்கங்கள் ஆயிரம் தாண்டும் என்று பதில் வந்தால் நேரில் போய்ப் பார்க்க அனுமதி கேளுங்கள். முதல் ஒரு மணி நேரம் இலவசம். சந்தன மரங்கள் நிற்கும் இடம், அரிய உயிரினத்தின் உறைவிடம் போன்றவற்றை மறைத்துத் தருவார்கள். திருடர் கையில் அது போகக்கூடாது என்பதால் அதில் நான் குறை காண மாட்டேன். ஆனால் அந்த நாலு பக்கத்தைக் காட்டி முழுத் திட்டத்தையும் மறுத்தால் விடக்கூடாது. கொடுக்கக்கூடிய பகுதியைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று 10-ஆம் பிரிவு இருக்கிறது.

பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு. அங்கும் கைவிரித்தால் 90 நாளுக்குள் சென்னையில் உள்ள மாநிலத் தகவல் ஆணையத்துக்கு. காரணமின்றி இழுத்தடித்த அலுவலருக்கு ஆணையம் நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரை அபராதம் போடலாம். டேராடூன், பெங்களூரு நிறுவனங்களும் கோவை வன மரபியல் நிறுவனமும் மத்திய அரசின் கீழ் வருபவை. அவற்றுக்கு மனு மத்திய அரசின் ஆர்டிஐ தளத்தில், இரண்டாம் மேல்முறையீடு டெல்லியில் உள்ள மத்தியத் தகவல் ஆணையத்தில். அலுவலகம் மாறி அனுப்பிவிட்டாலும் கவலை வேண்டாம், 5 நாளுக்குள் உரிய இடத்துக்கு அதை அவர்களே அனுப்ப வேண்டும். மனுவின் நகலையும் அனுப்பிய ரசீதையும் மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மேல்முறையீட்டில் முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.