வெளிநாடு போனால் வரி கிடையாதா? பாஸ்போர்ட் நாள் கணக்கு தான் முடிவு செய்யும்: கிளம்பும் முன் உஷார்!

நாமக்கல்:
திருச்செங்கோட்டில் இருந்து போர்வெல் ரிக் வண்டிகளோடு ஆப்பிரிக்க நாடுகளுக்கு போகிறவர்கள் உண்டு. நாமக்கல்லில் லாரி ஓட்டிப் பழகி, வளைகுடாவுக்கு டிரெய்லர் ஓட்டப் போகிறவர்களும் உண்டு. "பிளைட் ஏறிட்டா நாம என்.ஆர்.ஐ., இனி இங்கே வரி கிடையாது" என்பது தான் பலரது நினைப்பு. அது பாதி தான் உண்மை.

வருமான வரி சட்டம் விசாவை பார்ப்பது இல்லை. ஆதார், ரேஷன் கார்டையும் பார்ப்பது இல்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை இந்திய மண்ணில் எத்தனை நாள் இருந்தார் என்பதைத்தான் முதலில் எண்ணுகிறது. 1961-ம் ஆண்டு சட்டத்துக்கு பதிலாக புதிய வருமான வரி சட்டம் 2025-ல் நிறைவேறி, 2026 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்தாலும் இந்த நாள் கணக்கு மாறவில்லை.

182 நாள் கணக்கு

வேலைக்காக வெளிநாடு கிளம்பும் இந்தியர், கிளம்பும் ஆண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இங்கே இருந்திருந்தால், அந்த ஆண்டு முழுவதும் அவர் "இந்தியாவில் வசிப்பவர்". அதற்கு குறைந்தால் "வசிக்காதவர்".

வசிப்பவர் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்கு காட்ட வேண்டும். வசிக்காதவர் என்றால் இந்தியாவில் வரும் வருமானத்துக்கு மட்டும் தான் கணக்கு. ஊரில் வரும் கடை வாடகை, வங்கி வட்டி போன்றவற்றுக்கு எந்த நாட்டில் இருந்தாலும் இங்கே வரி உண்டு.

ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை 153 நாள். செப்டம்பர் 28-ந் தேதி கிளம்பினால் 181 நாள் தான், தப்பித்தார். மறுநாள் கிளம்பினால் 182, மாட்டிக்கொள்வார். அக்டோபர் 10-ந் தேதி கிளம்பும் டிரைவருக்கு 193 நாள் ஆகிவிடும். அக்டோபரில் இருந்து மார்ச் வரை அங்கே வாங்கிய சம்பளமும் இங்கே கணக்குக்கு வரும். செப்டம்பரில் கிளம்பியவர் நடுவில் பொங்கலுக்கு வந்து போனால் அந்த நாட்களையும் கூட்ட வேண்டும். வந்த நாள், போன நாள் இரண்டையும் சேர்த்தே எண்ணி வைப்பது பாதுகாப்பு.

திரும்பி வரும் ஆண்டு தான் ஆபத்து

லீவுக்கு ஊருக்கு வந்து போகிறவருக்கு 182 நாள் சலுகை உண்டு. கணக்கு முடித்து ஒரேயடியாக வந்து விடுகிறவருக்கு வேறு விதி குறுக்கே வரும். அந்த ஆண்டில் 60 நாள், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாள் இங்கே இருந்திருந்தாலே போதும், அவர் வசிப்பவர் ஆகிவிடுவார்.

உதாரணமாக, இரண்டு ஆண்டு மட்டும் வெளியே இருந்து விட்டு ஒருவர் ஜனவரி 20-ந் தேதி திரும்புகிறார். மார்ச் 31-க்குள் 71 நாள் ஆச்சு. போகும் முன்பு ஊரிலேயே இருந்ததால் 365 நாளும் தாண்டிடுச்சு. ஏப்ரலில் இருந்து அங்கே வாங்கிய சம்பளம் முழுக்க இந்தியக் கணக்கில் சேரும். அவரே பிப்ரவரி 1-ந் தேதி வந்திருந்தால் 59 நாள் தான். பிரச்சினையே இல்லை. (லீப் வருடத்தில் ஒரு நாள் கூடும்.)

நெடுங்காலம் வெளியே இருந்தவருக்கு ஆறுதல் உண்டு. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வசிக்காதவராக இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் 729 நாளுக்கு மேல் இங்கே இல்லாமல் இருந்தாலோ, திரும்பிய பிறகும் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி வராது.

ஊரில் ரிக் வண்டி, கோழிப்பண்ணை என்று ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்கள் கூடுதல் உஷாராக இருக்க வேண்டும். 2020-21-ம் நிதி ஆண்டு முதல் இவர்கள் ஊருக்கு வந்து போகும்போது 182-க்கு பதில் 120 நாள் தான் எல்லை.

வரி எவ்வளவு வரும்?

பயப்பட வேண்டாம். 2025-26-ம் நிதி ஆண்டு முதல் புதிய வரி முறையில், வசிப்பவரின் மொத்த வருமானம் 12 லட்சம் ரூபாய் வரை வரி கிடையாது. சம்பளக்காரருக்கு நிலையான கழிவு 75 ஆயிரம் சேர்த்து 12 லட்சத்து 75 ஆயிரம். ஆனால் வருமானம் 4 லட்சத்தை தாண்டினால் ரிட்டர்ன் தாக்கல் செய்தே ஆக வேண்டும். இந்த 12 லட்சம் தள்ளுபடி வசிக்காதவருக்கு கிடையாது.

பெரிய அடி வேறு இடத்தில் இருக்கிறது. வசிப்பவர் ஆகிவிட்டவர் வெளிநாட்டு வங்கிக் கணக்கையும் ரிட்டர்னில் காட்ட வேண்டும். மறைத்தால் 2015-ம் ஆண்டு கருப்பு பண சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் விதிக்கலாம். வீடு, நிலம் தவிர்த்த வெளிநாட்டு சொத்து மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் இந்த அபராதம் இல்லை என்று 2024 அக்டோபர் 1 முதல் தளர்த்தப்பட்டு உள்ளது.

இரண்டு நாடும் கேட்டால்?

அந்த நாட்டிலும் சம்பளத்தில் வரி பிடித்திருந்தால், அந்த ரசீதை காட்டி இங்கே கழித்துக்கொள்ள வழி உண்டு. இரு நாடும் "இவர் எங்க ஊர்க்காரர்" என்றால் இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தம் தான் தீர்ப்பு சொல்லும். நிரந்தர வீடு எங்கே, குடும்பமும் சொத்தும் எங்கே, வழக்கமாக தங்குவது எங்கே, எந்த நாட்டு குடிமகன் என்று வரிசையாகப் பார்ப்பார்கள். துபாய் போன்ற அமீரக ஊர்களில் இருப்பவர் அந்த ஒப்பந்தத்தை காட்ட, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான ஆண்டில் 183 நாளாவது அங்கே இருந்திருக்க வேண்டும். அங்கே வாங்கிய வரி வதிவிட சான்றிதழும் வேண்டும்.

வங்கி என்.ஆர்.ஐ. வேறு

வங்கியில் என்.ஆர்.ஐ. என்பது 1999-ம் ஆண்டு அன்னிய செலாவணி மேலாண்மை சட்டப்படி சொல்வது. வேலைக்கு கிளம்பியதுமே அந்த சட்டத்தில் வசிக்காதவர் ஆகிவிடலாம். சாதாரண சேமிப்பு கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிவிட வேண்டும். வங்கி புத்தகத்தில் என்.ஆர்.ஐ. என்று இருப்பதால் மட்டும் வருமான வரியில் வசிக்காதவர் ஆகிவிட முடியாது.

கொரோனா நேரத்தில் இங்கேயே மாட்டிக்கொண்டவர்களுக்காக, 2020 மார்ச் 22 முதல் 31 வரையிலான நாட்களை கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2020 மே 8-ந் தேதி சுற்றறிக்கை விட்டது. பத்து நாள் கூட அவ்வளவு முக்கியம்.

எனவே பழைய பாஸ்போர்ட்டை தூக்கிப் போட வேண்டாம். டிக்கெட், வேலை ஒப்பந்தம், சம்பள சீட்டு எல்லாவற்றையும் பத்திரமாக வைத்து, டிக்கெட் போடும் முன்பே ஆடிட்டரிடம் தேதியை காட்டி கேட்டுவிட வேண்டும். வந்து இறங்கிய பிறகு தேதியை மாற்ற முடியாது.