பழைய டீசல் ஸ்விஃப்ட் வாங்கலாமா? ஒரு எஞ்சின் சொல்லும் கணக்கு

"செகண்ட் ஹேண்ட் டீசல் ஸ்விஃப்ட் ஒண்ணு வருது, வாங்கலாமா?" குளச்சல் பக்கம் பலருக்கும் இருக்கிற கேள்வி இது. பதிலுக்கு முன்னாடி அந்த எஞ்சினோட கதையைப் பார்ப்போம். ஏன்னா அதுவே ஒரு நல்ல செலவுக் கணக்குப் பாடம்.

1,248 சிசி, நாலு சிலிண்டர். ஃபியட்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டா உருவாக்கி, 2003-ல் போலந்தில் தயாரிக்க ஆரம்பிச்ச மல்டிஜெட் எஞ்சின். டீசலை ஒரே தடவையா பீச்சாம, ஒரு சுற்றுக்குள்ள ஐந்து தடவை வரை பிரிச்சுப் பீச்சும். அதனால சத்தம் குறைஞ்சது, மைலேஜும் நல்லா கிடைச்சது.

இப்படி ஒரு எஞ்சினை உருவாக்குற செலவை ஒரே கம்பெனியோட கார்கள் மேல மட்டும் ஏத்தினா விலை கட்டுப்படியாகாது. அதனால பகிர்ந்துக்கிட்டாங்க. மாருதி 2007-ல் டிடிஐஎஸ்ங்கிற பேர்ல ஸ்விஃப்ட்ல போட்டது. டாடா குவாட்ராஜெட்னு விஸ்டாவுல போட்டது. ஃபியட் மல்டிஜெட்னே வித்தது. பேர் மூணு, எஞ்சின் ஒண்ணு! டர்போவை மாத்தி, 75 குதிரைத்திறனை 90 வரைக்கும் கொண்டுபோனாங்க.

அப்புறம் ஏன் நின்னுச்சு? 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை அரசு நீக்குச்சு. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இருந்த பெரிய இடைவெளி சுருங்கிடுச்சு. 2020 ஏப்ரல் 1-ல் பிஎஸ்-6 வந்தது. புகையைச் சுத்தம் பண்ற கருவிகளோட செலவு சின்ன கார்களுக்குத் தாங்கல. மாருதி டீசல் கார்களையே நிறுத்திடுச்சு.

இப்போ நம்ம கணக்கு. ஒரு உதாரணத்துக்கு, பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 18. டீசல் 92 ரூபாய், மைலேஜ் 23. கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் 1.56 ரூபாய். டீசல் காருக்கு 75,000 ரூபாய் கூடுதலா கொடுத்தா, அதை மீட்க 48,000 கி.மீ. ஓடணும்.

குளச்சல்–நாகர்கோவில் தினமும் போய்வர சுமார் 40 கி.மீ. வருஷத்துக்கு 300 நாள்னா 12,000 கி.மீ., அதாவது 4 வருஷம். தினம் 100 கி.மீ. ஓடுறவங்களுக்கு 20 மாசம் கூட ஆகாது. நடுவுல இன்ஜெக்டர், டர்போன்னு 20,000 ரூபாய் செலவு வந்தா, முதல் ஆளுக்கு இன்னொரு வருஷம் தள்ளிப்போகும்.

கடைசியா ஆர்சி புத்தகத்தைப் பாருங்க. சொந்த காருக்குப் பதிவு 15 வருஷம்தான். அதுக்கப்புறம் எஃப்சி எடுத்துப் புதுப்பிக்கணும். பணம் மீள ஆகுற வருஷத்தைவிட ஆர்சியில மிச்சம் இருக்கிற வருஷம் குறைவா இருந்தா, அட்வான்ஸ் கொடுக்காதீங்க.