துடிப்பைத் தணிக்கும் மாத்திரையும் மலைப்பாதையும்

ஓய்விலிருக்கும் வளர்ந்தவரின் இதயம் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை துடிப்பது இயல்பு. காய்ச்சலோ அச்சமோ உழைப்போ இல்லாதபோதும் அது 100-ஐக் கடந்து விரைந்தால் அதற்கான காரணத்தைத் தேடியாக வேண்டும். இதயத்தை விரைவுபடுத்தும் அட்ரினலின், நார் அட்ரினலின் ஆகியவை இதயத் தசையில் வந்து பொருந்தும் இடங்களுக்குப் பீட்டா ஏற்பிகள் என்று பெயர். 1948-இல் ரேமண்ட் ஆல்குவிஸ்ட் இவற்றை ஆல்ஃபா ஏற்பிகளிலிருந்து பிரித்துக் காட்டினார். அந்த அடிப்படையில் 1960களில் ஜேம்ஸ் பிளாக் பிராப்ரனலால் என்னும் மருந்தை உருவாக்கி, 1988-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஏற்பிகளை அடைத்து நிற்பதால் இவ்வகை மருந்துகள் பீட்டா தடுப்பான்கள் எனப்படுகின்றன. மெட்டப்ரலால், அட்டனலால், பைசப்ரலால் ஆகியவை இன்று பரவலாக வழங்கப்படுபவை.

இந்தியக் கிராமங்களில் இம்மருந்தின் அருமை துலங்குவது, சிறுவயதுத் தொண்டைத் தொற்றைத் தொடரும் ருமாட்டிக் காய்ச்சல் மைட்ரல் வால்வைச் சுருக்கிவிட்ட நோயாளரிடத்தில்தான். சுருங்கிய வால்வின் வழியே கீழறை நிரம்பக் கூடுதல் நேரம் தேவைப்படும் நிலையில், மேலறைகள் ஒழுங்கிழந்து நிமிடத்துக்கு 350-க்கும் மேற்பட்ட முறை நடுங்கத் தொடங்கினால், மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள கணு அந்நடுக்கங்களுள் ஒரு பகுதியையே கீழே விட்டாலும், துடிப்பு 150 வரை எகிறி, ரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சுத் திணறுகிறது. பீட்டா தடுப்பான் அக்கணுவின் கடத்தலைத் தணித்து, கீழறை நிரம்பும் இடைவேளையை நீட்டுகிறது. நடுக்கத்தை அது பெரும்பாலும் நிறுத்துவதில்லை என்பதால், மேலறையில் ரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதம் உண்டாகாமலிருக்க வார்ஃபரின் போன்ற உறைவெதிர்ப்பு மருந்தும் உடன் வேண்டும். அதன் அளவைச் சரிபார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனையும் வேண்டும்.

இந்தத் தொடர் சிகிச்சைதான் நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை போன்ற இடங்களில் கடினமாகிறது. மலையாளிப் பழங்குடியினர் சிதறிய சிற்றூர்களில் வாழ்ந்து, மிளகும் காபியும் மரவள்ளியும் பயிரிடும் அம்மலையிலிருந்து சமவெளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அறுவடைக் காலத்தில் கூலியை இழந்து, பேருந்துக்குக் காத்திருந்து இறங்குவதைவிட மாத்திரையை விட்டுவிடுவது எளிது. ஆனால் பீட்டா தடுப்பானைத் திடீரென நிறுத்தக்கூடாது. பல நாள் அடைபட்டிருந்ததால் பெருகிய ஏற்பிகள் அட்ரினலினுக்கு அளவுமீறி இசைய, துடிப்பு முன்னிலும் விரைந்து, மாரடைப்புக்கும் இடமுண்டு. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் மருத்துவரே படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

எல்லாப் படபடப்புக்கும் இது மருந்தன்று. ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுக்குழாய் சுருங்கலாம். இதயக் கடத்தலில் அடைப்பு உள்ளவருக்குத் துடிப்பு அபாயகரமாகத் தாழலாம். நீரிழிவுக்கு மருந்துண்பவருக்குச் சர்க்கரை தாழ்வதை எச்சரிக்கும் படபடப்பே மறைந்துவிடலாம். ஆகவே ஈ.சி.ஜி. பாராமல், பிறருக்கு எழுதிய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி விழுங்குவது அறவே கூடாது.

2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் தமிழ்நாடு அரசுத் திட்டம், ரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுசெல்கிறது. வால்வுப் பழுதும் மேலறை நடுக்கமும் உள்ள மலைவாழ் நோயாளருக்குப் பீட்டா தடுப்பான் ஒரு மாதமும் விடுபடாமல் அதே வழியில் கிடைக்கச் செய்வதும், உறைவுப் பரிசோதனையை மலைமேலேயே நடத்துவதும் மக்கள் நல்வாழ்வுத் துறை உடனே மேற்கொள்ள வேண்டிய பணிகளாகும்.