உழைக்க ஆள் ரெடி, டோக்கன் எங்கே? மட்டாஞ்சேரியின் 'சாப்பா' முறை சொல்வது என்ன?

"கஷ்டப்பட்டு உழைச்சா முன்னுக்கு வந்துடலாம்." பெரும்பாலான வீடுகளில் பிள்ளைகள் கேட்டு வளரும் வாசகம் இது. கூடவே இன்னொன்றும் வரும்: "வர்ற காசுல கொஞ்சம் எடுத்து வை."

இரண்டுமே நல்ல அறிவுரைதான். ஆனால் இரண்டுமே ஒரு விஷயத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகின்றன. நாளைக்கும் வேலை இருக்க வேண்டும். அது நிச்சயமில்லாத இடத்தில் உழைப்பும் சிக்கனமும் என்ன ஆகும் என்பதைப் பார்க்க, கொச்சி மட்டாஞ்சேரியின் பழைய துறைமுகக் கதைக்குப் போக வேண்டும்.

சாப்பா என்றால் என்ன?

சாப்பாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தமிழிலும் 'சாப்பா' என்றால் முத்திரை என்று ஒரு பொருள் உண்டு. மட்டாஞ்சேரியில் அது ஒரு சிறிய உலோக டோக்கன். அது கையில் இருந்தால் அன்றைக்குக் கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை கிடைக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

ராபர்ட் பிரிஸ்டோ என்ற ஆங்கிலேயப் பொறியாளரின் திட்டப்படி கொச்சியின் முகத்துவாரம் ஆழப்படுத்தப்பட்டு, 1928இல் கடல் கப்பல் உள்துறைமுகத்துக்குள் வந்தது. 1936இல் கொச்சி பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. வேலை தேடி ஆட்கள் குவிந்தார்கள். ஆனால் ஆட்களை நிறுவனங்கள் நேரடியாக எடுக்கவில்லை. 'மூப்பன்' எனப்படும் இடைத்தரகர் எடுத்தார். நம்ம ஊர் கங்காணி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூட்டம் அதிகம், டோக்கன் குறைவு. மூப்பன் டோக்கன்களைக் கூட்டத்தின் நடுவே வீசுவார். ஆண்கள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து பொறுக்குவார்கள். நேற்று பக்கத்தில் நின்று மூட்டை தூக்கியவனையே இன்று தள்ளிவிட்டு எடுக்க வேண்டும்.

அங்கே நின்ற யாரையும் சோம்பேறி என்று சொல்ல முடியாது. வேலை கிடைப்பதற்கே அடிதடி, கிடைத்த பிறகுதான் மூட்டை. அதாவது சம்பளம் இல்லாத ஒரு உழைப்பை முடித்த பிறகே சம்பளம் உள்ள உழைப்பு தொடங்கியது.

ஏன் இப்படி ஒரு முறை?

கொடுமைக்காரர்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால் இதற்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கப்பல் தினமும் ஒரே அளவில் வராது. இன்று மூன்று வரும், நாளை ஒன்றும் வராது. வரும் நாளில் ஆள் பற்றாக்குறை இருக்கக் கூடாது, வராத நாளில் யாருக்கும் கூலி தரவும் கூடாது. இதற்கு முதலாளிக்கு மலிவான வழி, தேவைக்கு அதிகமான ஆட்களை வாசலில் நிறுத்தி வைப்பது. வேலையில்லாத நாளின் செலவு முழுவதும் தொழிலாளியின் வீட்டுக்குப் போய்விடும்.

கொச்சியில் மட்டும் இப்படி இல்லை. லண்டன் துறைமுகத்திலும் தினமும் வாசலில் நிற்க வைத்துத்தான் ஆள் பொறுக்கினார்கள். 1889இல் அங்கே நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் மணிக்கு 6 பென்ஸ் கூலியோடு சேர்த்துக் கேட்கப்பட்ட இன்னொன்று, ஒருவரை வேலைக்கு எடுத்தால் குறைந்தது 4 மணி நேர வேலையாவது தர வேண்டும் என்பது. கூலி எவ்வளவு என்பதைப் போலவே எவ்வளவு நேரம் என்பதும் முக்கியம் என்று அந்தத் தொழிலாளர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்தியாவிலும் தீர்வு தெரியாமல் இல்லை. 1931இலேயே தொழிலாளர் பற்றிய ராயல் கமிஷன், துறைமுகத் தொழிலாளர்களைப் பதிவு செய்து வேலையை முறைப்படுத்தச் சொன்னது. சுதந்திரத்துக்குப் பின் 1948இல் அதற்கான சட்டமும் வந்தது. பெயர் பதிவு, முறை வைத்து வேலை, வேலை இல்லாத நாளில் வந்து நின்றதற்கும் ஒரு தொகை. சட்டத்தின் கீழ் வந்த திட்டங்களின் சாரம் இதுதான். ஆனால் ஒவ்வொரு துறைமுகத்துக்கும் தனித்தனியாகத் திட்டம் வர வேண்டியிருந்தது. கொச்சிக்கான திட்டம் 1959இல்தான் வந்தது.

அதற்குள் ரத்தம் சிந்திவிட்டது. சாப்பாவைக் கொடுக்கும் உரிமை யாருக்கு என்ற போராட்டத்தில், 1953 செப்டம்பர் 15 அன்று மட்டாஞ்சேரியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. சைது, சைதலவி என்ற இரு தொழிலாளர்கள் குண்டுக்குப் பலியானார்கள். போலீஸ் அடியில் ஆண்டனி என்பவரும் இறந்தார். கே.எம்.சிதம்பரம் இதை நாடகமாக எழுதினார். அதை வைத்து ராஜீவ் ரவி இயக்கிய 'துறமுகம்' படம் 2023இல் வந்தது, நிவின் பாலி நடித்தது. துறைமுகச் சண்டையைவிட, அந்தச் சண்டை ஒரே வீட்டின் இரண்டு மகன்களை எப்படி எதிரெதிர்ப் பக்கம் தள்ளுகிறது என்பதுதான் படத்தின் பலம்.

சேமிக்காதது குணத்தின் கோளாறா?

தினக்கூலிக் குடும்பங்களைப் பற்றி நாம் அடிக்கடி கேட்பது: "கையில காசு நிக்காது, பொறுப்பில்லை." இதைச் சோதித்துப் பார்த்த ஒரு ஆய்வு தமிழ்நாட்டிலேயே நடந்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் ஒரே வகையான அறிவுச் சோதனைகள் வைத்தார்கள். அறுவடைக்கு முன் கையில் காசு இருக்காது, கடன் இருக்கும். பின்பு காசு வந்திருக்கும். ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்டோர் 2013இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட முடிவு: அதே விவசாயி, காசு வந்த பிறகு தெளிவாக மேம்பட்ட மதிப்பெண் எடுத்தார்.

ஆள் மாறவில்லை, வளர்ப்பு மாறவில்லை. தலைக்குள் ஓடிய பணக்கவலை மட்டும்தான் குறைந்தது. கரும்பு விவசாயிக்கு அறுவடை நாளாவது தெரியும். சாப்பாவுக்கு நின்றவருக்கு மறுநாள் காலைகூடத் தெரியாது. அவரிடம் போய் மாதாமாதம் சேமிக்கச் சொல்வதில் என்ன அர்த்தம்?

இன்றைய கேரளம்

ரிசர்வ் வங்கி வெளியிட்ட 2022-23 புள்ளிவிவரப்படி, கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளியின் சராசரி தினக்கூலி கேரளத்தில் 852 ரூபாய். தேசிய சராசரி 393. தமிழ்நாட்டில் 500 ரூபாய்க்குச் சற்று மேல். இந்த வித்தியாசத்துக்கு வளைகுடாப் பணம், கல்வி என்று பல காரணங்கள் உண்டு. தொழிற்சங்கங்கள் கூலி பேசிய வரலாறும் அதில் ஒன்று.

இதற்கு ஒரு அசிங்கமான மறுபக்கமும் இருக்கிறது: 'நோக்குகூலி'. வேறு யாரோ சுமை இறக்க, உள்ளூர் சங்க ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்பது. கேரள அரசு 2018 மே 1 முதல் இதைத் தடை செய்தது. என் பார்வையில் இது வசூல்தான், உரிமை இல்லை. ஆனால் 'இது என் இடம், என் சுமை' என்ற பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று தேடினால், டோக்கன் வீசப்பட்ட அந்த வாசல்களையும் கடந்துதான் போக வேண்டும்.

இப்போது டோக்கனை யாரும் வீசுவதில்லை. போனில் நோட்டிஃபிகேஷனாக வருகிறது. யார் முந்தி அழுத்துகிறாரோ அவருக்கு ஆர்டர். நிதி ஆயோக் கணக்கில் 2020-21இல் இப்படிப்பட்ட கிக் தொழிலாளர்கள் நாட்டில் 77 லட்சம் பேர். 2029-30இல் 2.35 கோடியாகும் என்பது அதன் மதிப்பீடு. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு இவர்களை முதன்முறையாக அங்கீகரித்து, ஆப் நிறுவனங்கள் தங்கள் விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் நல நிதிக்குத் தர வேண்டும் என்கிறது. லாகின் செய்து காத்திருந்தும் ஆர்டர் வராத நாளுக்கு எவ்வளவு தர வேண்டும் என்பது அதில் இல்லை.