ஒரு பிள்ளைக்கு மட்டும் முட்டை ஏன் ஆகாது?

திருவாலங்காட்டு அங்கன்வாடியில் எல்லாருக்கும் ஒரே அவித்த முட்டைதான். ஒரு பிள்ளைக்கு மட்டும் உதடு வீங்கித் தோல் தடித்தால், முட்டை கெட்டதா? இல்லை, அது ஒவ்வாமை.

புதுக் காவலாளி ஒருவர் விருந்தாளியைத் திருடன் என்று குறித்து வைத்துவிட்டார் என்று வையுங்கள். முதல் முறை சத்தமில்லை. அடுத்த முறை முகம் தெரிந்ததும் விசில்!

நோய் எதிர்ப்பு அணுக்களும் முட்டைப் புரதத்தை இப்படித்தான் குறித்து வைக்கின்றன. அவற்றின் விசில், ஹிஸ்டமின். அது கொட்டினால் அரிப்பு, வீக்கம், சிலருக்கு மூச்சுத்திணறல்.

முகம் தெரியத் துணுக்கே போதுமே! கலவை சாதத்திலிருந்து முட்டையைப் பொறுக்கி எடுத்துவிட்டுக் கொடுப்பது அதனால்தான் பலிக்காது. கரண்டி, தட்டு தனி. பக்கத்துப் பிள்ளை பாசமாக ஊட்டிவிடும் நேரம்தான் ஆயா கவனிக்க வேண்டிய நேரம்.

மூச்சு இழுத்தால் உடனே 108. உயிர்காக்கும் மருந்து அட்ரினலின் ஊசி. பெரும்பாலோருக்கு வளர வளர இந்த ஒவ்வாமை விலகும். மறுபடி எப்போது கொடுக்கலாம் என்பதை மருத்துவர் சொல்லட்டும், பாட்டி அல்ல!