அத்தை மகன் ‘முறை’, சித்தப்பா மகன் ‘தம்பி’: நம்ம உறவுக் கணக்கு எப்படி வேலை செய்யுது?

உடன்குடி பக்கம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போனால், “நீங்க பொண்ணுக்கு என்ன முறை வேணும்?” என்று கேட்பார்கள். ஆங்கிலத்தில் எல்லோரும் ‘கசின்’. தமிழில் அப்படிச் சொல்லித் தப்பிக்க முடியாது.

யார் தம்பி, யார் மச்சான்?

அப்பாவின் அண்ணன் தம்பி பிள்ளைகளும், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளைகளும் நமக்கு உடன்பிறப்பு மாதிரி. மாமா, அத்தை பிள்ளைகள் மச்சான், மதினி. அதாவது, கட்டிக்கிற முறை. 1871-ல் அமெரிக்க ஆய்வாளர் லூயிஸ் ஹென்றி மார்கன் வெளியிட்ட உறவுமுறை நூலிலேயே தமிழ் இடம்பெற்றிருக்கிறது.

ஊருக்கு ஊர் மாறுமா?

மாறும். பக்கத்து காயல்பட்டினத்து முஸ்லிம் குடும்பங்களில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவது வழக்கம். சித்தப்பா மகளை மணக்க இஸ்லாமியச் சட்டத்தில் தடையில்லை.

இந்து திருமணச் சட்டம் என்ன சொல்கிறது?

1955-ம் ஆண்டுச் சட்டப்படி சித்தப்பா, மாமா, அத்தை பிள்ளைகள் எல்லோருமே தடை வரம்புக்குள்தான். சமூக வழக்கம் அனுமதித்தால் மட்டும் விலக்கு.

மரபணுவுக்கு முறை தெரியுமா?

தெரியாது. சித்தப்பா பிள்ளையோ, மாமா பிள்ளையோ, நம்மோடு சராசரியாக 12.5% மரபணு பொது. தாய்மாமா என்றால் 25%. அதனால் தலசீமியா போன்ற பரம்பரை நோய்கள் குழந்தைக்கு வரும் வாய்ப்பு கூடும்.

வீட்டில் ‘முறைப் பையன்தானே’ என்று பேச்சு எடுத்தால், நிச்சயத்துக்கு முன்பே மரபணு ஆலோசனை கேளுங்கள். பிடிக்கலைன்னா சொல்லிடுங்க. முறை இருக்கு என்பதற்காகக் கட்டியே ஆகணும்னு எந்தச் சட்டமும் இல்லை.